முகம் நல்லா விழுற மெஷின்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மானுட வரலாற்றில் முதன்முறையாகக் குடிமக்களின் முகப்பருக்களை ஓர் அரசு தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டது. நெருப்பு, சக்கரம், விலையில்லா மின்விசிறி ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் எடுத்துவைத்த மாபெரும் அடி இது என்று 2049-ஆம் ஆண்டு சித்திரையில், தென்மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனை வளாகத்தில், சுகாதாரத் துறை அமைச்சர் பிரகடனம் செய்தார். பந்தலில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த நோயாளிகள் சொறிந்துகொண்டார்கள்.

திட்டத்தின் பெயர் ‘முகமே சான்று’. கருவியின் பெயர் ‘முகநோக்கி’. ஆள் உயரத்துக்கு ஒரு திரை, அதன் நெற்றியில் ஒரு கேமரா. புறநோயாளிகள் பிரிவின் நடைவழியில், குடிநீர்க் குழாய் இருந்த இடத்தில் அதை நிறுவினார்கள். குழாய் எங்கே போனது என்பது குறித்து அரசிடம் தகவல் இல்லை.

திட்டம் புரிய வேண்டுமென்றால் பாண்டிச்செல்வியின் கதைக்கு வர வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் பி.டி. டீச்சர். ஓய்வு பெற்ற கையோடு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. பீடி, சிகரெட் தொட்டவரில்லை. தொட்ட பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டதுதான் அந்த வகையில் அவருக்கிருந்த ஒரே தொடர்பு. மூச்சு விட முடியாமல் வந்தவருக்கு டாக்டர் ரிஸ்வானா தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ரிஸ்வானா அந்த மாவட்டத்துக்கே ஒற்றைப் புற்றுநோய் மருத்துவர். சாப்பிட நேரமில்லாதவர். ஆனாலும் எதையும் விளக்கிச் சொல்லாமல் மாத்திரை தருவதில்லை.

“ஒவ்வொரு செல்லுக்கும் வெளியில காது மாதிரி ஒண்ணு இருக்கு டீச்சர். ‘வளரு’ன்னு ஒரு விசில் வரும். கேட்டா வளரும். உங்க கட்டியில இருக்கற செல்லுக்கு, யாரும் ஊதாமலே விசில் கேட்டுக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை போயி அந்தக் காதை அடைக்கும்.”

“நல்லது. அடைங்க.”

“தோலுக்கும் அதே காதுதான்.”

“அப்ப தோலு?”

“கோவிச்சுக்கும்.”

தோல் கோபித்துக்கொண்டது. மூக்கு, கன்னம், நெற்றி, பிடரி, முதுகு என்று கொப்புளம் கொப்புளமாக வெடித்துக் கிளம்பியது. பரு மாதிரி இருக்கும், பரு இல்லை. உள்ளே தணல் வைத்ததுபோல் எரியும், மேலே எறும்பு விட்டதுபோல் அரிக்கும். நக ஓரங்கள் பிளந்ததில், புளி கரைக்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வந்தது. பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வந்தது. எதிர்வீட்டுக்காரம்மா அம்மை போட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, கேட்காமலே வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். பாண்டிச்செல்வி அதை எடுக்கவில்லை. சொந்தக்காரர்களைத் தள்ளிவைக்க அதைவிட மலிவான ஏற்பாடு வேறில்லை என்றார்.

ஆனால் மூச்சு வந்தது. மாடிப்படி ஏற முடிந்தது. முந்தைய ஆண்டில் விசிலை வாயில் வைத்தால் உள்ளே இருக்கும் மணி அசையக்கூட இல்லை. இப்போது ஊதினால் தெருநாய் எழுந்து நின்றது.

ரிஸ்வானா ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு, தோல் எந்த அளவுக்குச் சீறுகிறதோ அந்த அளவுக்கு உள்ளே கட்டி அடங்குகிறது. சிலருக்குத் தோல் சீறாமலும் மருந்து வேலை செய்யும். ஆகவே தோலை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. இவ்வளவுதான் கட்டுரை. அது கோப்பாகித் தலைமைச் செயலகத்தில் மாடியேறும்போது, ‘பலருக்கு’ என்ற சொல் மூச்சுவாங்கி இரண்டாம் தளத்தில் உட்கார்ந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தது ‘எல்லோருக்கும்’. ‘கூடாது’ என்ற சொல் லிஃப்டுக்கே வரவில்லை.

ஆக அரசாணை வெளியாயிற்று. பரு இருந்தால் மருந்து வேலை செய்கிறது, தொடரலாம். பரு இல்லையென்றால் மருந்து வீண், நிறுத்தலாம். மாதாமாதம் முகநோக்கி முகத்தைப் பார்க்கும். தொடர்ந்து மூன்று முறை ‘தோல் தெளிவு’ என்று சொன்னால் மாத்திரை கிடையாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் ஆடம்பரம் என்று கைவிடப்பட்டது. எரிச்சலுக்குக் களிம்பு தடவுவது, சான்றை அழிக்கும் முயற்சி எனக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டது. ரிஸ்வானா எதிர்த்து எழுதிய கடிதங்களுக்கு, அவருடைய கட்டுரையின் அடிப்படையில்தான் இந்தத் திட்டமே தீட்டப்பட்டது என்று பதில் வந்தது.

திட்டம் தொடங்கிப் பத்து மாதம் கழித்தே பெயர் பட்டியலில் ஏறிய பாண்டிச்செல்வி முதல்முறை முகநோக்கி முன் நின்றபோது அது கனிவான குரலில் வணக்கம் சொல்லி, முகத்தைக் காட்டச் சொல்லி, பச்சை விளக்கைச் சிமிட்டி, “தோல் தெளிவு. பயன் இல்லை” என்றது. முன்னால் போனவருக்குச் சொல்கிறது என்று நினைத்து நகர்ந்துவிட்டார். இரண்டாம் மாதமும் அதையே சொன்னபோது நின்று திரையைப் பார்த்தார்.

திரையில் ஒரு பெண் இருந்தாள். சந்தன நிறம். வழவழவென்று கன்னம். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. பாண்டிச்செல்விக்கு அவளைப் பார்க்கப் பிடித்துத்தான் இருந்தது. யாரென்றுதான் தெரியவில்லை. அவள் உடுத்தியிருந்தது தன் புடவை என்பதைக் கவனித்த பிறகு தாடையைப் பார்த்தார். கல்லூரி நாளில் ஹாக்கி மட்டை பட்டுக் கிழிந்த தழும்பு, விரல் நீளத்துக்கு இருக்க வேண்டியது, இல்லை.

நேராகத் திட்ட அலுவலர் குலோத்துங்கனின் அறைக்குப் போனார். வளாகத்தில் குளிரூட்டப்பட்டிருந்த அறைகள் இரண்டு, மற்றது பிணவறை. குலோத்துங்கனின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்ட பெரிய படம் மாட்டியிருந்தது. அதில் அவர் புதுமாப்பிள்ளைபோல் இருந்தார். நேரில் அந்த மாப்பிள்ளையின் தாய்மாமன்போல் இருந்தார்.

பாண்டிச்செல்வி சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். தழும்பு மறைந்தது மருந்தின் நற்பலனாகவும் இருக்கலாம் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். தழும்பு இதோ இருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்று டீச்சர் தாடையை நீட்டியபோது, சான்றைத் தொடுவது விதிமீறல் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சார், என் மூஞ்சி இந்தா இங்கதான இருக்கு. இதப் பாருங்க.”

“பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்” என்றார் குலோத்துங்கன், திரையைப் பார்த்தபடி.

“நான் விசில் ஊதுவேன் சார். போன வருசம் முடியல. மாத்திரை வேலை செய்யலன்னா எப்படி ஊத முடியும்?”

விசில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ உபகரணம் அல்ல என்று அவர் வருத்தத்தோடு தெரிவித்தார். பிறகு, படித்தவர்போல் தெரிகிறாரே என்ற இரக்கத்தில், இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கத் தாங்கள் பட்ட பாட்டை விவரித்தார். ஐந்து கம்பெனிகள் வந்தனவாம். தேர்வுக் குழு ஒவ்வொரு கருவியின் முன்பும் தானே நின்று பரிசோதித்ததாம். ஒன்றில் குழுத் தலைவரின் மூக்கில் இருந்த குழியெல்லாம் தெரிந்ததாம். இன்னொன்றில் எல்லோரும் கரிச்சட்டிபோல் இருந்தார்களாம்.

“இந்தக் கம்பெனி மெஷின்லதாம்மா எல்லாருக்கும் முகம் நல்லா விழுந்துச்சு. ஒரே மனசா ஓகே பண்ணிட்டோம்.”

“இந்தக் கம்பெனிக்காரங்க முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க சார்?”

“கல்யாண ஆல்பம். தென்மாவட்டம் பூரா அவங்க கேமராதான்” என்றார் குலோத்துங்கன் பெருமையாக.

பாண்டிச்செல்விக்குக் கல்யாண ஆல்பம் என்றால் என்னவென்று தெரியும். தன் கல்யாண ஆல்பத்தில் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனவர் அவர். மாமியார்கூட அந்தப் படத்தைக் காட்டித்தான் மருமகளை அறிமுகப்படுத்துவார். நேரில் கூப்பிட்டுக் காட்ட மாட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் ரிஸ்வானா தலையில் கைவைத்துக்கொண்டார். “முதல்ல முகத்தைத் தொடைச்சு, வெள்ளையடிச்சு, பவுடர் போட்டுட்டு, அதுக்கப்புறம் பருவைத் தேடுது டீச்சர். எப்படிக் கிடைக்கும்?” அன்றே புகார் எழுதினார். ஆச்சரியமாக, உடனே ஒரு வல்லுநர் குழு வந்தது. ஒவ்வொருவரும் முகநோக்கியின் முன் நின்றார்கள். திரும்பி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தின் பிரதி கிடைக்குமா என்று நான்கு பேர் கேட்டார்கள். கருவி மிகச் சிறப்பாக இயங்குகிறது என்று ஏகமனதாக அறிக்கை தந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இதற்குள் ஒரு வரிசையே மாத்திரை இழந்திருந்தது. அதில் சூசைராஜும் ஒருவர். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மருந்து நின்றதும் பருக்கள் உதிர்ந்து முகம் பளிச்சென்று ஆனது. தெருவில் எல்லோரும் உடம்பு தேறிவிட்டதாகச் சொன்னார்கள். இருமல் திரும்பியிருந்ததை அவர் மட்டும் அறிவார். “கண்ணாடியில பாத்தா எனக்கே நம்பிக்கை வருது டீச்சரம்மா. மூச்சுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது” என்றார்.

அடுத்தது பாண்டிச்செல்வியின் மூன்றாவது முறை. ரிஸ்வானா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கேமராக் கோளாறு என்று ஒரேயொரு நோயாளிக்குக் கைப்பட எழுதிக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றும், அதை டீச்சருக்குத் தந்துவிடுவதாகவும், வெளியே சொல்ல வேண்டாம் என்றும் மெல்லிய குரலில் சொன்னார். சொல்லும்போது அவருக்கே முகம் சிவந்தது.

“சூசைக்கு?”

“அவருக்கு இல்ல. ஒருத்தருக்குத்தான்.”

“அப்ப வேணாம்.”

“டீச்சர், மாத்திரை நின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் டாக்டரம்மா. ஆனா நான் ஒருத்தி மட்டும் கொல்லைப்பக்கமா வாங்கிக்கிட்டா, அந்த மெஷினு சொன்னது சரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. என் மூஞ்சி என்னன்னு எனக்குத் தெரியும். சின்னப்பிள்ளையில இருந்து கருப்பு கருப்புன்னு சொல்லிச் சொல்லி, பவுடர் அப்பித்தான் போட்டோ எடுத்தாங்க. அப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப இது என் உசுரு. வெள்ளையடிக்க விட மாட்டேன்.”

ரிஸ்வானா பேனாவை மூடி வைத்தார்.

திட்டத்தின் முதலாண்டு நிறைவு விழாவுக்கு அமைச்சர் வருவதாக இருந்தது. அவர் கண்முன்னே, பந்தலுக்குக் கொண்டுவரப்படும் முகநோக்கியில் நோயாளிகள் வரிசையாகப் பரிசோதிக்கப்படுவார்கள். முடிவுகள் பந்தலில் உள்ள பெரிய திரையில் தெரியும். மருந்து நிறுத்தப்பட்டவர்களையும் வரவழைத்தார்கள். அவர்களுடைய முகங்கள்தான் பார்வைக்கு அழகாக இருந்தன. ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோருக்கும் மருத்துவமனையின் பச்சை அங்கி வழங்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் போடும் அங்கி. முன்பக்கம் கழுத்துவரை மூடியிருக்கும். பின்பக்கம் இரண்டு நாடா மட்டும். வரிசை கேமராவைப் பார்த்து நிற்கப்போவதால் பின்பக்கத்தைப் பற்றிக் குலோத்துங்கன் கவலைப்படவில்லை.

அங்கி மாற்றும் அறையில் பாண்டிச்செல்வி தன் யோசனையைச் சொன்னார். முகத்தைக் காட்டினால்தானே மெஷின் தீர்ப்பு எழுதும்? காட்ட வேண்டாம். முகம் இல்லையென்றால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லையென்றால் மாத்திரையை நிறுத்த முடியாது. விஷயம் பெண்கள் அறையிலிருந்து ஆண்கள் அறைக்குப் போய், சூசைராஜ் வழியாகத் திரும்பி வந்தது.

“டீச்சரம்மா, அமைச்சருக்கு முதுகைக் காட்டுனா கேஸ் போட்டு உள்ள வச்சுருவான்.”

“நுரையீரல்ல கட்டியோட, மூஞ்சி பூரா கொப்புளத்தோட வர்றவகளை எந்த ஜெயில்ல சூசை சேத்துக்குவான்? வேப்பிலை செருகி வெளிய அனுப்பிருவான்.”

சூசைராஜ் சிரித்தார். இருமினார். பிறகு வரிசையில் போய் நின்றார்.

அமைச்சர் வந்தார். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. ஓராண்டில் எத்தனை முகங்கள் தெளிவடைந்தன, எவ்வளவு மருந்து மிச்சமாயிற்று என்று குலோத்துங்கன் உரையாற்றினார். நோய் குணமானதா என்பது உரையின் வரம்புக்குள் வரவில்லை. பின்னர் முகநோக்கி உயிர்பெற்று, கனிவான குரலில் வணக்கம் சொல்லி, முகத்தைக் காட்டுங்கள் என்றது.

பாண்டிச்செல்வி விசிலை வாயில் வைத்து ஊதினார். ஓர் ஆண்டுக்கு முன் அதன் மணியைக்கூட அசைக்க முடியாத நுரையீரலிலிருந்து வந்த அந்தச் சத்தத்துக்கு மகப்பேறு வார்டில் மூன்று குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன.

“பின்னால்… திரும்பு.”

வரிசை திரும்பியது. பேசிவைத்தவர்கள் திரும்பினார்கள். பேசிவைக்காதவர்களும், அந்தக் குரலுக்குத் திரும்பித்தான் பழக்கம் என்பதால் திரும்பினார்கள். பாதுகாப்புக்கு நின்ற காவலர்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள். துப்பாக்கியோடு அவர்களும் திரும்பினார்கள்.

அமைச்சரின் முன்னால் வரிசையாக முதுகுகள். நாடாக்களுக்கு நடுவே சிவந்தும் கறுத்தும் வெடித்தும் காய்ந்தும் கிடந்த தோல். ஓராண்டாக எல்லோரும் திரையில் பார்க்காததை எல்லோரும் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். முன்வரிசையில் ஓர் அதிகாரியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஐயா,” என்றார் பாண்டிச்செல்வி, திரும்பாமலே. “மூஞ்சியத்தான் உங்க மெஷினு மாத்திப்புடுது. இதப் பாத்துக்கங்க. நாங்க யாரும் தெளிவாகல. எங்களுக்கு மாத்திரை வேணும். வாங்காம இங்கருந்து ஒருத்தரும் நகர மாட்டோம்.”

குலோத்துங்கன் கருவியை அணைக்க ஓடினார். அதற்குள் அது தானாகப் படமெடுத்துவிட்டது. இங்கேதான் யாருமே எதிர்பாராத ஒன்று நடந்தது. வெள்ளையடிப்பதற்கு அதற்கு ஒரு முகம் தேவை. கண் இரண்டு, மூக்கு ஒன்று, வாய் ஒன்று என்று தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. ஆகவே அதன் பவுடர் டப்பா மூடியே இருந்தது. பருவைத் தேடும் பகுதி மட்டும், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, உள்ளதை உள்ளபடி பார்த்தது.

“பயன் மிகச் சிறப்பு” என்றது. “பயன் மிகச் சிறப்பு” என்று அடுத்த முதுகுக்கும் சொன்னது. பெரிய திரையில் ஒன்றன்பின் ஒன்றாக முதுகுகள் வந்தன.

சூசைராஜின் முறை வந்தபோது ரிஸ்வானா மூச்சைப் பிடித்துக்கொண்டார். மருந்து நின்று பல வாரங்கள் ஆனவர். முதுகில் மருந்தின் தடம் எதுவும் மிச்சமிருக்காது. ஆனால் அது சித்திரை. சூசைராஜின் முதுகு முழுக்க வேர்க்குரு.

“பயன் மிகச் சிறப்பு” என்றது முகநோக்கி.

அமைச்சர் டாக்டரின் பக்கம் திரும்பி, இது சரிதானா என்று கேட்டார். ரிஸ்வானா, உண்மையைத் தவிர வேறெதையும் இதுவரை அரசுக்கு எழுதியிராதவர், சூசைராஜின் வேர்க்குருவை நிதானமாகப் பார்த்தார்.

“சரிதான் சார்” என்றார். “மருந்து உடனே தொடரணும்.”

அமைச்சர் எத்தனையோ தேர்தல்களைக் கண்டவர். ஒலிவாங்கியைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தைவிடப் பின்னால் இருப்பதுதான் முக்கியம் என்பதைத் தாம் அரசியலுக்கு வந்த நாள் முதல் சொல்லிவருவதாகச் சொன்னார். நிறுத்தப்பட்ட மருந்துகள் அனைத்தையும் அங்கேயே தொடர உத்தரவிட்டார். பொன்னாடை போர்த்த வந்தபோது பாண்டிச்செல்வி தோளை விலக்கிக்கொண்டார். “மறைக்காதீங்க. மாத்திரை கைக்கு வரட்டும், அப்புறம் திரும்புறோம்” என்றார். மருந்தகத்திலிருந்து பெட்டி வந்து, கடைசி ஆள்வரை வாங்கிய பிறகே வரிசை திரும்பியது.

திட்டம் ‘முதுகே சான்று’ என்று பெயர் மாற்றப்பட்டது. முதுகுவழி மதிப்பீட்டைக் கண்டறிந்ததற்காகக் குலோத்துங்கனுக்கு மாநில விருது கிடைத்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அவர் உரையாற்றிய படத்தில் இன்னும் இளமையாக இருந்தார். அதே கம்பெனி, அதே கருவியை, முதுகுநோக்கி என்ற பெயரில் எல்லா மாவட்டங்களுக்கும் வழங்கியது. ரிஸ்வானா மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். அது இப்போது மாடியேறிக்கொண்டிருக்கிறது. களிம்புத் தடையும் திருத்தப்பட்டது. இனி முகத்தில் தாராளமாகத் தடவிக்கொள்ளலாம். முதுகில் தடவுவது சான்றை அழித்தலாகும். சூசைராஜின் இருமல் அடங்கியது. மருத்துவமனை வாசலில் இரண்டு மாடி உயரத்துக்குப் பாண்டிச்செல்வியின் முதுகு விளம்பரப் பலகையாக எழுந்தது.

அதன் கீழே, மாத்திரைப் பையோடு பேருந்துக்குக் காத்திருந்தபோது பாண்டிச்செல்விக்கு முதுகு அரித்தது. கை எட்டவில்லை.